முப்பது சென்டிமீட்டர் கடல்

மக்கா ஷைனி, அனிஷ்,

போன வாரம் உங்கள் அம்மையின் தகரப்பெட்டியை ஒதுக்கும்போது, ஷைனி, நீ ஒரு பழைய கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜப்பானிலிருந்து நான் அம்மைக்கு எழுதியது. "அப்பா, இது லெட்டரா ஆபீஸ் பைலா? சுகம்னு எழுதி, அதுக்கு மேல ஸ்கேல் வச்சு கோடு கிழிச்சு, பக்கத்துல கையெழுத்து, மணி எல்லாம் போட்டிருக்கீங்களே" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வடசேரிச் சந்தைக்குப் போய்விட்டேன். எனக்கு அதை வாயால் சொல்ல வராது.

அடுத்த மாதம் நீ அந்த நாட்டுக்கே நர்ஸ் வேலைக்குப் போகிறாய். ஆறு மாதமாக நாகர்கோவிலில் அந்தப் பாஷையைப் படித்து, மீன் கழுவும்போதுகூட வாய்க்குள் முணுமுணுக்கிறாய். அதனால் எழுதித் தருகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிழை கண்டால் ஒரு கோடு போட்டுத் திருத்துங்கள். அழிக்க வேண்டாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் "அப்பாவுக்குக் கப்பலில் வேலை" என்று சொல்லிவைத்தீர்கள். பாதி சரி. மும்பையில் மூன்று மாதப் பயிற்சி, பிறகு ஆறு வருடம் சரக்குக் கப்பலில் துரு சுரண்டி வர்ணம் அடித்தேன். அதன் பிறகு சிங்கப்பூரில் ஒரு அளவைக் கம்பெனி. கடலுக்கு அடியில் டெலிபோன் கேபிள் போடுவதற்கு முன்னால் வழி நெடுக ஆழம் அளப்பார்கள். கப்பல் அளக்கிற நேரத்தில் கடல் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்று தெரியாவிட்டால் அந்த ஆழத்துக்கு அர்த்தமில்லை. அதற்காகக் கரையில் ஒரு அளவுக்கம்பை நட்டு, அரைமணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் படித்து எழுத ஆள் வைப்பார்கள். அந்த ஆள் நான். இப்போது இந்த வேலைக்கு மனிதன் வேண்டாம். ஒரு பெட்டி பார்த்து, வானம் வழியாக அனுப்பிவிடுகிறது. அது சலிப்படையாது. நான் சலிப்படைந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்களை இறக்கிவிட்ட இடம் ஜப்பானின் தெற்கில் ஒரு சின்னத் தீவு. பேரைச் சொன்னாலும் உன் வாத்தியாருக்கே தெரிந்திருக்காது. நம் வீட்டு வெண்கல உருளியைக் கடலில் மிதக்கவிட்டதாக நினைத்துக்கொள். விளிம்பு உயரம், நடு பள்ளம். விளிம்பு முழுக்கப் பவழப்பாறை. அதில் விசிறி ஓலை மரங்கள். என்னோடு வேலை பார்த்த குழித்துறைக்காரர் ஜஸ்டஸ் அண்ணன் அதை முதல்நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "லேய், இது நம்ம பனைதாம்டே. இங்க வந்து வளர மறந்திட்டு" என்றார். விளிம்பிலிருந்து உள்ளே இறங்கினால் சிவப்பு மண், அதன்மேல் கண்ணுக்கு எட்டியவரை கரும்பு. கரும்புக்கு நடுவில் கிராமம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், ஒரு கடை, ஒரு சர்க்கரை ஆலை, புயலுக்குப் பயந்து குனிந்து நிற்கிற சிமெண்டு வீடுகள். மணல் கிடையாது. பாறை முடிகிற இடத்தில் கடல் தொடங்குகிறது, தொடங்கும்போதே ஆழமாக. நீலம் என்று சொன்னால் போதாது. பேனா மைக்குள் எட்டிப்பார்ப்பது போல இருக்கும்.

கிராமத்தில் நின்றால் கடல் தெரியாது. கேட்கும். காற்றில் கரும்புத்தோகை உரசுகிற ஒலியும் கடலும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று தெரியாமல் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரி முதல் ஆலை ஓடும். அப்போது தீவு முழுக்கக் கருப்பட்டி காய்ச்சுகிற வாசம். கண்ணை மூடினால் தக்கலைப் பக்கம் ஏதோ பனைவிளையில் நிற்பதாகத் தோன்றும், கண்ணைத் திறக்க மனசு வராது. நடுவில் சில குளங்கள் உண்டு. கடலிலிருந்து அத்தனை தூரம் உள்ளே இருக்கிற அந்தக் குளங்களும் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். பாறை முழுக்க ஓட்டையாம், அடியில் ஒன்றோடொன்று தொடர்பாம். நான் மாலையில் போய்க் குளக்கரையில் உட்கார்ந்திருப்பேன். தும்பிகள் பறக்கும். தண்ணீர் அசையாதது போல் இருக்கும். ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால் கரையோரப் புல் நனைந்திருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் தீவு மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு மெட்டு வரும். அதைக் கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போவார்கள். போகிற வழியில் எங்களுக்குக் குனிந்து வணக்கம் வைப்பார்கள். ஜஸ்டஸ் அண்ணன் பதிலுக்கு, சபையில் சொல்கிற மாதிரி, "தோத்திரம்" என்பார். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகளும் "தோத்திரம்" சொல்லப் பழகிவிட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் பதினைந்து வயதானால் எந்தப் பிள்ளையும் தீவில் இல்லை. பெரிய தீவுக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அங்கே தங்கிப் படிக்க வேண்டும். விமானம் இறங்க இடம் கிடையாது. ஐந்து நாளைக்கு ஒரு கப்பல். அந்தக் கப்பலும் கரையை ஒட்டி நிற்க முடியாது, பாறையில் மோதிவிடும். கொஞ்சம் தள்ளிக் கயிறுகளால் கட்டிக்கொண்டு நிற்கும். கரையில் ஒரு கிரேன். அரிசி, முட்டை, சிலிண்டர், சைக்கிள் எல்லாம் அந்தக் கிரேன் கொக்கியில் தொங்கித்தான் வரும். மனிதர்களும் அப்படித்தான். ஒரு இரும்புக் கூண்டில் ஆறு பேரை நிறுத்திக் கதவை மூடி, தூக்கி, கடலுக்கு மேலே கொண்டுபோய்க் கப்பல் தட்டில் வைப்பார்கள். நாங்கள் வந்து இறங்கியதும் அப்படித்தான். ஜஸ்டஸ் அண்ணன் கூண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு, "மக்கா, நம்மள கோழின்னு நெனச்சிட்டானுவ போல" என்றார்.

கிரேன் ஓட்டுகிறவர் பெயர் ஹிகா. என் வயதுதான் இருக்கும். மனைவி கடையில் வேலை. ஒரே மகள், ஹானா. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு.

எங்கள் அதிகாரி மியாகி சார். ஐம்பதைத் தாண்டியவர். பென்சில்களை எங்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கத்து ரப்பரைப் பிளேடால் வெட்டி எடுத்துவிடுவார். தானே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக. தவறு வந்தால் அழிக்கக் கூடாது. ஸ்கேல் வைத்து ஒரே கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். வலதுபக்கம் சரியானது, கையெழுத்து, மணி. பார்க்கத் தவறிவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு "பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாறையில் பதித்த ஒரு பித்தளை ஆணியிலிருந்து கம்பின் உச்சிவரை மட்டம் பார்ப்பார், கம்பு அமிழ்ந்திருக்கிறதா என்று. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை. நாம் சொல்வதை முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்பார். பிறகு எண்ணை மட்டும் கேட்பார்.

கம்பு இருந்தது கிரேனுக்கு நேர் கீழே, பாறைப் பிளவு ஒன்றில். நாற்பது படி இறங்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் பார்த்து, அலை ஏறியபோது எவ்வளவு, இறங்கியபோது எவ்வளவு, இரண்டுக்கும் நடு எவ்வளவு என்று மூன்று கட்டத்தில் எழுத வேண்டும். மேல், கீழ், நடு. கேபிளுக்கு வேண்டியது நடு மட்டும்தான். மேலும் கீழும் எதற்கென்றால், கடல் எவ்வளவு ஆடுகிறது என்று காட்ட. கப்பல் வருகிற நாள்களில் மியாகி சார் அந்தத் தாளை ஹிகாவிடம் கொண்டுபோய்க் காட்டுவார். பிளவுக்குள் ஆட்டம் ஐம்பது சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் கூண்டில் ஆள் ஏறலாம் என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

பகல் எனக்கு, இரவு ஜஸ்டஸ் அண்ணனுக்கு. முதல் மாதம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். பிறகு கண் பழகிவிட்டது. பாதிக் கண்ணால் பார்த்தாலே நடு தெரிந்துவிடும். நடுவை எழுதி, அதோடு பதினைந்து கூட்டி மேல், பதினைந்து கழித்துக் கீழ். ஆட்டம் எப்போதும் முப்பது. பிளவுக்குள் அநேகமாக அப்படித்தான் இருக்கும். மூன்று மாதம் பகல் கடலை முப்பது என்று எழுதினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மைக்குக் கடிதமும் அப்படித்தான் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கடிதம். "நான் சுகம். சாப்பாடு சுகம். கடல் அமைதி." முந்தின கடிதத்தைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒருநாள். ஹானா பரீட்சைக்குப் போகிற கப்பல். ஒருநாள் விட்டு அடுத்த நாள் பரீட்சை. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. காற்றே இல்லை. கரும்புகூட வாய் திறக்கவில்லை. நான் கம்பருகே பாறையில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு மணி, முப்பது. ஏழரை, முப்பது. எட்டு, முப்பது. மியாகி சார் வந்து தாளை வாங்கிக்கொண்டு மேலே போனார். கப்பல் வந்து கயிறு கட்டியது. கூண்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. கடிதத்தை மடித்து உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். எட்டரைக்கு எழுந்தேன், செருப்பைக் காணவில்லை.

இரண்டு முழ உயரத்தில், மூன்று மாதமாக ஒரு துளி படாத திட்டில் கழற்றி வைத்த செருப்பு. திட்டு ஈரமாக இருந்தது.

குளச்சலுக்கு மேற்கே பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். நம் கரையில் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிந்திருக்கும். எங்கேயோ ஆயிரம் மைல் தள்ளி அடித்த புயலின் அலை, சத்தமில்லாமல் வந்து அடுப்பங்கரைப் பானையைத் தூக்கிக்கொண்டு போகும். நான் திரும்பிக் கம்பைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மேல், ஒரு மீட்டர் எழுபது. கீழ், எண்பது. நடு மட்டும் நல்ல பிள்ளையாக ஒன்று இருபத்தைந்தில் நின்றது. ஆட்டம் தொண்ணூறு.

படியில் வெறுங்காலோடு ஓடினேன். பவழப்பாறை பிளேடு மாதிரி. மேலே போனபோது கூண்டு தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம் ஏறிவிட்டது. ஆறு பேர். ஹானா கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தாளில் செய்த ஒரு நாடாச்சுருளோடு நின்றாள். அங்கே வழக்கம் அது. போகிறவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வார், கரையில் இருப்பவர் மறுநுனி. கப்பல் விலக விலக நாடா நீண்டு, அறுந்து போகும்.

"கள்ளக்கடல், கள்ளக்கடல்" என்று தமிழில் கத்தினேன். யாருக்குப் புரியும். மியாகி சாரின் முன்னால் போய் நின்று இங்கிலீஷில் சொன்னேன்: "சார், நான் எழுதின நம்பர் பொய்."

"எந்த நம்பர்?"

"மேல், கீழ். இன்னைக்கு மட்டுமில்ல சார். மூணு மாசமா."

இன்றைக்கு மட்டும் என்று நிறுத்தியிருக்கலாம். ஏன் மூன்று மாதத்தையும் சேர்த்துச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடினார். ஒரு மூச்சு நேரம். பிறகு திறந்து கேட்டார்: "இப்போது உண்மையான எண்?"

"தொண்ணூறு."

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்துக் காட்டினார். கேபினுக்குள் ஹிகாவின் முகம் மாறவில்லை. முட்டையை இறக்குவது போலக் கூண்டைத் தரையில் இறக்கினார். ஆறு பேரும் வெளியே வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. கப்பல் தொட்டில்போல லேசாக ஆடியது. கேப்டன் ஒலிபெருக்கியில் ஏதோ கேட்டார். ஆள்கள் என்னைப் பார்த்தார்கள், என் காலைப் பார்த்தார்கள். ரத்தம் வந்துகொண்டிருந்தது. நடந்துபோய் எங்கேயாவது கரும்புக்குள் படுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்போது கப்பல் எழும்பியது. ஒரு பெரிய உடம்பு தூக்கத்தில் மூச்சு இழுப்பது போல, அவசரமில்லாமல், ஒரு மாடி உயரம் எழும்பியது. கயிறுகள் முனகின. எழும்பிய தட்டு, கூண்டு தொங்கியிருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே போய், அப்படியே கீழே விழுந்தது. தட்டில் நின்ற இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி. மறுபடி. ஏழு முறை. பிறகு ஒன்றுமே நடக்காதது போல எண்ணெய்க்கடல்.

ஹானா தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். மதியம்வரைதான் நிற்பேன் என்று கேப்டன் சொன்னார். அடுத்த கப்பல் ஐந்து நாள் கழித்து. பரீட்சை அவளுக்காக நிற்காது.

ஹிகா கேபினிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். மியாகி சாரைப் பார்த்து ஏதோ சொன்னார். சார் என்னிடம் கேட்டார்: "உங்கள் ஊரில் இது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்."

"எண்ணுவோம்" என்றேன். "அலை கூட்டமா வரும். கூட்டம் முடிஞ்சா கொஞ்ச நேரம் ஓயும். எண்ணித்தான் எங்காளுக வள்ளம் இறக்குவாங்க."

"அப்படியானால் கீழே போய்ப் படியுங்கள்" என்றார் மியாகி சார். பொய் எழுதினவனிடம்தான் சொன்னார். கம்பைத் தவிர அளக்க வேறு எதுவும் இல்லை, ஜஸ்டஸ் அண்ணன் இரவு வேலை முடிந்து தூங்கப் போயிருந்தார், கம்பைப் படிக்க அந்த நேரத்தில் என்னைத் தவிர ஆளில்லை. குனிந்து தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். எனக்கு இரண்டு அளவு சின்னது. அவர் காலுறையோடு பாறையில் நின்றார். மதியம்வரை அப்படியே நின்றார்.

வாக்கிடாக்கியோடு இறங்கினேன். ஒன்றரை மணிநேரம் ஒவ்வொரு அலையையும் படித்துச் சொன்னேன். மேல், கீழ், மேல், கீழ். மேலே சார் எழுதினார். அத்தனை அலையையும் விடாமல் பார்த்தபோது கடல் வேறு மாதிரித் தெரிந்தது. அலையெல்லாம் ஒன்றுபோல இல்லை, மக்கா. ஒவ்வொன்றும் தனித்தனி ஆள் வந்து போவது போல இருந்தது. சில நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. குளச்சல்தானோ, பின்னால் திரும்பினால் நம் வீடுதானோ என்று இருந்தது. கூட்டம் முடிந்தால் நான்கு நிமிடம் ஓய்வு, சிலநேரம் மூன்றரை. கூண்டு எழும்பிக் கப்பலில் அமர இரண்டு நிமிடம்.

முதலில் மூட்டைகளை மட்டும் வைத்து ஒரு கூண்டு போனது. பிறகு மியாகி சாரின் குரல் வந்தது: "அடுத்ததில் ஆறு பேர். ஹிகா கேட்கிறார், சொல்லப்போவது நீங்கள்தானே என்று."

"ஆமா சார்."

"சரி என்கிறார்."

ஏழு அலையையும் எண்ணினேன். ஏழாவது போன பிறகும் ஒன்று வரக்கூடும் என்று பயந்து காத்தேன். கம்பில் தண்ணீர் இறங்கி, நின்று, நடுவிலேயே ஆடாமல் தங்கியது. "இமா" என்றேன். இப்போது என்று அர்த்தம். ஷைனி, அது உனக்குத் தெரியும். எனக்கு அந்த ஒரு சொல்லை அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கூண்டு என் தலைக்கு மேலே போனது. கீழிருந்து பார்த்தால் முகம் தெரியாது. கம்பி வலைக்கு மேலே ஆறு ஜோடிச் செருப்பும் ஷூவும், அதற்கு மேலே வானம். அதில் ஒரு ஜோடி வெள்ளை, புதுசு. கிரேன் சத்தம்கூடக் கேட்கவில்லை எனக்கு. கம்பைப் பார்த்தேன், வெள்ளை ஷூவைப் பார்த்தேன், கம்பைப் பார்த்தேன். பிறகு தட்டில் இரும்பு உட்காருகிற சத்தம்.

கயிறு அவிழ்த்தார்கள். தாள் நாடாக்கள் நீண்டன. ஹானாவின் நாடாவை அவள் அம்மை பிடித்திருந்தாள். ஹிகாவால் எதையும் பிடிக்க முடியாது. இரண்டு கையும் நெம்புகோலில் இருந்தன.

அன்று மத்தியானம் மியாகி சார் என் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். "மேல், கீழ். முதல் மாதம் வேண்டாம், அது உண்மை. மற்றதெல்லாம் கோடு" என்றார். ஒவ்வொரு வரிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு பக்கத்தையும் நான் முடித்ததும் அவரும் அடியில் கையெழுத்துப் போட்டார். "நீங்க எதுக்கு சார்?" என்றேன்.

"இரவுக்கடல் இருபது, நாற்பது, அறுபது. பகல்கடல் எப்போதும் முப்பது. நான் பார்த்தேன். கேட்கவில்லை" என்றார். அவ்வளவுதான்.

ஜஸ்டஸ் அண்ணன் என்னை விடுவாரா. "லேய், நான் எழுதினது அம்புட்டும் சத்தியம். ராத்திரி தூக்கம் வராம இருக்க அலைய எண்ணுனேன், கேட்டியா. நீ பகல்லேயே தூங்கினியா? கடல் ஒனக்கு செருப்பெடுத்து அடிக்காம, செருப்ப எடுத்துட்டு மட்டும் போனதுக்கு தோத்திரம் சொல்லு."

சார் உள்ளதை உள்ளபடி கம்பெனிக்கு எழுதினார். அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு எட்டு மாதம் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஷைனி, நான் உனக்குச் சைக்கிள் பழக்கியது அந்த எட்டு மாதத்தில்தான். அதன் பிறகு வேறு கம்பெனி, வேறு கரைகள், இருபது வருடம். எந்தக் கரையிலும் மேலும் கீழும் பார்க்காமல் நடுவை எழுதியதில்லை. ஹானா பாஸானாள் என்று தீவை விட்டு வரும்முன் ஹிகாவின் மனைவி கடையில் வைத்துச் சொன்னாள், ஒரு ஜோடிச் செருப்பை என் முன்னால் வைத்துவிட்டு.

ஆனால் நீ கேட்டது கடிதத்தைப் பற்றி. கப்பல் போன அன்று சாயங்காலம், முதல் புத்தகத்தில் பாதி முடித்துவிட்டு, காலில் துணி கட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போனேன். சட்டைப்பையில் ஏதோ உறுத்தியது. காலையில் எழுதிய கடிதம். கப்பலில் கொடுக்க மறந்துவிட்டேன். உறை நனைந்து தானாகவே திறந்திருந்தது. ஐந்து மணிப் பாட்டு ஓய்ந்து, பிள்ளைகள் எல்லாம் வீடு போய்விட்ட நேரம். தும்பிகூட இல்லை. பிரித்துப் படித்தேன். "நான் சுகம். கடல் அமைதி."

பையில் ஸ்கேல் இருந்தது. அட்டையில் வைத்து, "சுகம்" என்பதன் மேல் ஒரே கோடு, அடியில் இருப்பது தெரியும்படி. வலதுபக்கம் எழுதினேன்: "ஷைனியின் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. அடுத்த தடவை போன் பண்ணும்போது அவளைப் பேசச் சொல்லு." கையெழுத்துப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்து மணியும் போட்டேன், ஐந்து நாற்பது.